வலிக்காத கால்

ஜனவரி 6, 2025, திங்கள்

விடிகாலையில் தெருவுக்குத் தெரு நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். இன்று வந்த பாட்டிக்குக் குதிகாலில் பெரிய கொப்புளம். அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், சுட்டதே தெரியவில்லை. “நொப்பி லேதம்மா” என்று தெலுங்கில் சொல்லிச் சிரிக்கிறார். வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயம். நீண்டகால சுகரில் பாதத்து நரம்பு மரத்துவிட்டது.

சீட்டை நீட்டும்போதே “சுகர் எவ்வளவு இருக்கு சிஸ்டர்?” என்று கேட்பவர்கள், செருப்பைக் கழற்றச் சொன்னால் கூசுகிறார்கள். மண் காலைக் காட்டுவது மரியாதை இல்லையாம்.

ஜனவரி 8, புதன்

நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தார் ஒரு தொழிலாளி. ஐம்பது வயதிருக்கும். சுகர் மாத்திரை வாங்க வந்தவரை உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னேன். சாக்ஸில் ஈரம். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். சின்ன ஸ்க்ரூ ஒன்று விழுந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, ஆணி போலத் தடித்த தோலின் நடுவில் புண். ராத்திரி முழுக்க அதன் மேல்தான் நின்றிருக்கிறார்.

கண்ணை மூடச் சொல்லி மோனோஃபிலமென்டால் தொட்டேன். வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை அது. “தொட்டா சொல்லுங்கண்ணா” என்றேன். விரல் நுனி, விரலடி, எல்லா இடத்திலும் இழை வளைந்தது. அவர் வாயே திறக்கவில்லை. “எப்ப சிஸ்டர் ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். காலூன்றாமல் இருந்தால்தான் ஆறும். நின்றபடியே வேலை பார்ப்பவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்யவைப்பது கடினம். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றக் கேட்டு டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 11, சனி

இரவு ராயபுரம் ஆய்வை மறுபடி படித்தேன். மருத்துவர் எம். விஸ்வநாதன் 1954-இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையில் நடந்தது, 2005-இல் வெளியானது. பாத ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். சொன்னதை ஒழுங்காகச் செய்தவர்களில் 82 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. செய்யாதவர்களில் பாதிப் பேருக்குத்தான். அறுவை சிகிச்சை வரை போனவர்கள் முதல் கூட்டத்தில் 3 சதவீதம், மற்றதில் 14. புது மருந்து எதுவும் இல்லை. சொன்னபடி பாதத்தைப் பராமரித்தார்கள், அவ்வளவுதான். எங்களைப் போன்ற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

இதற்கு முன்னோடி வேலூர். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் படுகிற காயம்தான் என்று அங்கேதான் கண்டுகொண்டார். அவர்களின் கால்களுக்காகச் செய்த எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பைத்தான் இன்று சுகர்காரர்களுக்கும் எழுதித் தருகிறோம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோயிலுக்கு வெறுங்காலோடு போன சுகர்காரர்களை நினைத்துக்கொண்டே இருந்தேன். சாக்ஸாவது போட்டுக்கொண்டு போகலாம் என்று அடுத்த வருஷம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஜனவரி 17, வெள்ளி

மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரோடு ஷூவில் ஸ்க்ரூ இருந்த தொழிலாளியின் வீட்டுக்குப் போனேன். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வருவது பெரிய உதவி. அந்தக் கைகளே பாதத்தையும் பார்த்துவிட்டால் எத்தனையோ கால்கள் தப்பும்.

புண்ணின் ஓரம் சிவந்து சதை வளர ஆரம்பித்திருக்கிறது. உட்கார்ந்து பேக்கிங் செய்யும் வேலை கிடைத்திருக்கிறதாம். உள்ளங்கால் அவருக்கே தெரியாது என்பதால் தினமும் ராத்திரி மனைவிதான் டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஷூவைக் கவிழ்த்துத் தட்டித் தருவது மகளின் வேலை.

கிளம்பும்போது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: “எங்க மாமனாருக்கும் பத்து வருஷமா சுகர் இருக்கு. கால் எரியுதுன்னு சொல்லிட்டிருந்தவர் இப்ப சொல்றதே இல்ல. நல்லாயிடுச்சாம்மா?” திங்கட்கிழமை அவரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.