கோணலும் குறையும்

அநீதிக்குப் பரிகாரம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘ரிட்ரெஸ்’ என்ற சொல்லைக் கேட்டால் துணிமணிதான் நினைவுக்கு வரும். அதில் பிசகில்லை. உடுப்பைக் குறிக்கும் ‘டிரெஸ்’ அதன் உடன்பிறப்பு. இரண்டும் பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘நேரானது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் மூலம். நேராக்குதல், ஒழுங்குபடுத்துதல், உடுத்துதல் என்று ‘டிரெஸ்’ நகர்ந்துவிட்டது. ‘ரிட்ரெஸ்’ பழைய பொருளை விடவில்லை: கோணியதை மறுபடி நிமிர்த்துவது. செங்கோல் நேரானது, கொடுங்கோல் வளைந்தது என்று வைத்த தமிழனுக்கு இது புதிதல்ல.

நிமிர்த்தச் சொல்லிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? கொல்கத்தா இரண்டு பதில்களை வைத்திருக்கிறது.

கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கியதாக 1775 மார்ச்சில் புகார் கொடுத்தார் மகாராஜா நந்தகுமார். புகாரின் சூடு ஆறுமுன் பழைய பத்திர மோசடி வழக்கில் அவரே கைதானார். முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த உச்ச நீதிமன்றம், எலைஜா இம்பே தலைமையில், மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 5 அன்று தூக்கு. ஹேஸ்டிங்ஸ் மீது பிற்பாடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்த விசாரணை, 1795ல் விடுதலையில் முடிந்தது.

1998ல் அமெரிக்காவிலிருந்து கொல்கத்தா வந்த அனுராதா சாஹாவுக்குத் தோல் நோய் கண்டது. ஸ்டீராய்டு அளவுமீறித் தரப்பட்டது. மே 28 அன்று மும்பையில் இறந்தார். கணவர் டாக்டர் குணால் சாஹா தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2006ல் மனு தள்ளுபடி. 2009ல் அலட்சியம் நடந்தது உண்மை என்றது உச்ச நீதிமன்றம். 2013 அக்டோபரில் அது விதித்த இழப்பீடு சுமார் 6 கோடி ரூபாய். இடையில் ஓடியது 15 ஆண்டு.

அந்த ஆணையத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘ரிட்ரெஸ்’ இருக்கிறது. 1986ம் ஆண்டுச் சட்டம் போய் 2019ம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகும் சொல் போகவில்லை. தமிழில் அதைக் ‘குறைதீர்’ ஆணையம் என்கிறோம். இங்கேதான் இரு மொழிகளும் பிரிகின்றன. ஆங்கிலம் கோணலைப் பார்க்கிறது. தமிழ் குறையைப் பார்க்கிறது. மனைவியை இழந்த குறை 6 கோடியில் தீராது. ஆனால் நடந்தது கோணல்தான் என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்தைச் சொல்லவைக்க முடிந்தது. நந்தகுமாருக்கு அதுகூட வாய்க்கவில்லை.