உருகும் கம்பி உணர்த்திய பாடம்

கொடி படரக் கொம்பு வேண்டும்; இலை தழைக்க ஒளி வேண்டும். எம் இல்லமோ நெருக்கமான தெருவொன்றில், இருபுறத்து மாடி வீடுகளுக்கு இடையே ஒடுங்கி நிற்பது. கீழ் அறைகளில் கதிரவன் எட்டிப் பார்ப்பதும் அரிது. மொட்டை மாடியில் செடி வளர்த்து மகிழ்ந்த எம் அன்னையார், 2022ஆம் ஆண்டில் கால் முறிவுற்றுப் படுக்கையில் விழுந்தார். "கண்ணுக்கு எதிரே கொஞ்சம் பச்சை இருந்தால் போதும், ராசா" என்றார்.

அவ்விருப்பத்தை நிறைவேற்றும் பொருட்டுச் செடி வளர்க்கும் எல்.இ.டி. விளக்குகள் நான்கினை வாங்கினோம். ஒவ்வொன்றும் 100 வாட். இலைகள் பெரிதும் ஏற்கும் சிவப்பு, நீல ஒளியைப் பொழியும் அவ்விளக்குகளின் கீழ்ப் புதினாவும் கற்பூரவல்லியும் தழைத்தன. காலை 5 மணி முதல் மாலை 7 மணி வரை எரியுமாறு டைமர் கருவியும் பொருத்தினோம். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து அன்னையார் முறுவலித்த போது யாம் அடைந்த பெருமிதத்திற்கு எல்லையில்லை.

ஆயின், அவ்வறையில் இருந்தது 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றே. அதிலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் விளக்குகளோடு, அன்னையாருக்கு வெந்நீர் வைக்கும் கெட்டிலும், எம் சட்டைக்கான இஸ்திரிப் பெட்டியும் இடம்பெற்றன. பியூஸ் அடிக்கடி போயிற்று. போகும்போதெல்லாம் சலித்துக்கொண்டோம். ஒருநாள் பழைய வயரின் செம்பிழைகளைச் சேர்த்து முறுக்கிப் பியூஸ் கட்டையில் கட்டிவிட்டோம். அதன்பின் அது போகவே இல்லை. குறை தீர்ந்தது என்று இறுமாந்தோம். எச்சரித்த வாயை அடைத்துவிட்டோம் என்பதை அன்று உணரவில்லை.

கார்த்திகை மாதத்து விடியற்காலை ஒன்று. குளியலறையில் இருந்த எம் செவியில் அன்னையாரின் குரல் மெல்லிதாய் விழுந்தது. ஓடிச் சென்று பார்த்தபோது எக்ஸ்டென்ஷன் பெட்டி உருகி, கட்டிலருகே தொங்கிய திரைச்சீலையில் தீப்பற்றியிருந்தது. எழ இயலாத அவர் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்சை அணைத்து, கனத்த போர்வையால் தீயை அமுக்கினோம். இன்னும் சில மணித்துளிகள் தாமதித்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணவும் இன்றளவும் நெஞ்சம் நடுங்குகிறது.

அன்று மாலை, மின்வேலை பார்க்கும் முதியவர் வந்தார். கருகிய பெட்டியைவிடப் பியூஸ் கட்டையையே நெடுநேரம் நோக்கினார். "வாத்தியாரே, இது பியூஸ் இல்லை; பூட்டு. தீயை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்" என்றார்.

பின்னர் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். விளக்குகள் 400, கெட்டில் 1500, இஸ்திரிப் பெட்டி 1000. ஆக 2900 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 12.6 ஆம்பியர். 6 ஆம்பியருக்கு உரிய வழியில் அதனினும் இருமடங்குக்கு மேல் ஓடியிருக்கிறது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். இறுகப் பிடிக்காத பிளக் முனையில் அவ்வெப்பம் மேலும் மிகும்.

மெல்லிய மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறியதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவர் யாம். அந்த அச்சு எம் வீட்டுச் சுவருக்குள்ளேயே இருந்ததை அறியாது போனோம்.

செடிகளை அகற்ற முற்பட்டோம். அன்னையார் தடுத்தார். "செடி என்ன பாவம் செய்தது?" என்றார். அவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை.

ஆகவே, செடியை அன்று, எம்மைத் திருத்திக்கொண்டோம். மெயின் பலகையிலிருந்து அவ்வறைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி இணைப்பு வந்தது. அதற்கென 16 ஆம்பியர் எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அமைந்தன. முன்னது கம்பியைக் காப்பது. பின்னது மனிதரைக் காப்பது. செடிக்கு நீர் ஊற்றும் இடத்தில் இரண்டும் இன்றியமையாதவை. கெட்டில் சமையலறையின் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கும், இஸ்திரிப் பெட்டி வேறோர் அறைக்கும் குடிபெயர்ந்தன. விளக்குகளைச் செடிக்கு அருகே தாழ்த்தியதும் நான்கு வேண்டிய இடத்தில் இரண்டே போதுமாயின. நாளொன்றுக்கு 5.6 யூனிட் செலவானது 2.8 யூனிட்டாகக் குறைந்தது.

இம்மலரைப் புரட்டும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். பியூஸ் போனால் மாற்றுவதற்கு முன், ஏன் போயிற்று என்று கேளுங்கள். தான் உருகி வீட்டைக் காப்பது அந்த மெல்லிய கம்பி. நம்மை இடைமறித்துக் கடிந்துரைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் அத்தகையோரே. அவர்தம் குரல் நமக்கு இடையூறாகத் தோன்றும் வேளையில்தான், நாம் ஏற்றியிருக்கும் சுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.