முத்திரைக்குக் காத்திருந்த லாரிகள்

வேலந்தாவளத்தில் மாநிலம் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. கோவை மாவட்டத்துத் தமிழ்தான் எல்லை தாண்டி பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவிலும் கேட்கிறது. லாரி ஓட்டுநருக்கு எல்லையை நினைவுபடுத்தியது மொழியல்ல, காகிதம். கேரள வணிகவரித் துறையின் சோதனைச் சாவடி இங்கேயும் இருந்தது. வாளையாறு அளவுக்குப் பேர் பெற்றதல்ல, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் சாவடிக்குள் உட்கார்ந்து பார்த்தவருக்கு வேலை மும்முரமாக நடப்பதாகத்தான் தோன்றியிருக்கும். பில்லை வாங்குகிறார்கள், சரிபார்க்கிறார்கள், பதிவு செய்கிறார்கள், முத்திரை குத்துகிறார்கள். யாரும் சும்மா இல்லை. ஆனால் லாரி சும்மா நின்றது. முன்னால் நிற்கும் சிமெண்ட் லாரியின் காகிதத்தில் சிக்கல் என்றால், வரியே இல்லாத தக்காளிக்கும் பின்னால் அதே கதி. காய்கறிச் சந்தைக்குப் பெயர் போன ஊரில், வெயிலில் நிற்கும் தக்காளியின் விலை என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படமாக வரைந்து பார்க்கும் வழக்கத்தை அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் முன் 1921ல் வைத்தவர் ஃபிராங்க் கில்பிரெத். 1947ல் அதே சங்கம் ஐந்து குறியீடுகளை வகுத்தது: வேலைக்கு வட்டம், நகர்வுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், இருப்புக்குத் தலைகீழ் முக்கோணம். ஐந்தாவது, தாமதத்துக்கு ஆங்கில 'டி' எழுத்து. அலுவலகங்கள் இன்று தங்கள் நடைமுறையை வரையும்போது வட்டங்களையும் சதுரங்களையும் பெருமையோடு போடுகின்றன. 'டி'யை மறந்துவிடுகின்றன. காரணம் எளிது. வரைபவர் கவுண்டருக்கு உள்ளே இருக்கிறார், காத்திருப்பவர் வெளியே.

வரைந்த பிறகும் ஒரு சறுக்கல் உண்டு. முத்திரை குத்துவதை வேகமாக்கக் கணினி வாங்கலாம், கவுண்டரைக் கூட்டலாம். முத்திரை எதற்கு என்று கேட்பதுதான் கடினம். மைக்கேல் ஹாமர் 1990ல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரையில் ஃபோர்டு கம்பெனியின் கதையைச் சொன்னார். சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய அங்கே 500க்கும் மேற்பட்டோர். மாஸ்டாவில் 5 பேர். ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதிலேயே ஃபோர்டு ஊழியர்களின் பொழுது போனது. கடைசியில் கம்பெனி பில்லையே கைவிட்டது. ஆள்பலம் 75 சதவிகிதம் குறைந்தது.

எல்லையிலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரிச் சாவடிகள் போயின. வெளியிலிருந்து வரும் சரக்கை நம்பியிருக்கும் கேரளத்துக்கு இது சின்ன விஷயமல்ல. வரி ஏய்ப்பு பெருகும் என்ற பயம் வீண் பயமும் அல்ல. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே செல்லும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால், கிளம்பும் முன்பே விவரம் கணினியில் ஏற வேண்டும். சோதனை ஒழியவில்லை, பறக்கும் படை சாலையில் எங்கே வேண்டுமானாலும் மறிக்கலாம். ஆனால் சந்தேகப்படும் ஒரு லாரிக்காக நூறு லாரிகள் நிற்க வேண்டியதில்லை.

முழு வெற்றி என்று கொண்டாடவும் முடியாது. வரி அதிகாரி போனாலும், மோட்டார் வாகனத் துறை போகவில்லை. பாலக்காடு எல்லையில் அத்துறையின் சாவடிகளில் 2025 ஜனவரியில் கேரள லஞ்ச ஒழிப்புத் துறை நடத்திய சோதனையில் கணக்கில் வராத பணம் பிடிபட்டது. பெர்மிட்டுக்கும் வரிக்கும் ஆன்லைனில் பணம் கட்டும் வசதி இருக்கும்போது ஓட்டுநர் ஏன் இறங்கி ஜன்னலுக்குப் போகிறார்? அந்த நடையைப் படத்தில் ஒரு அம்பாகப் போட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

எல்லாச் சதுரங்களையும் அழித்துவிடவும் முடியாது. ஓணம் நெருங்கினால் தமிழகப் பால் லாரிகளை மீனாட்சிபுரத்தில் நிறுத்தி மாதிரி எடுக்கிறார்கள். அந்தப் பாலில் கலப்படம் உண்டா என்பதை எந்தக் கணினிப் பதிவும் சொல்லாது. அங்கே லாரி நின்றுதான் ஆக வேண்டும். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.