பிரியாணி பொட்டலமும் வாடகை ரசீதும்

ஒரகடம் சந்திப்புல ஷிஃப்ட் முடியுற நேரத்துல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க மக்களே. இந்தி, ஒடியா, வங்காளம், நடுநடுவே நம்ம தர்மபுரித் தமிழ்.. எல்லாம் கலந்து காதுல விழும். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிஸான். பின்னாடியே சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் லைன் வீடுகளும் முளைச்சிடுச்சு.

இதுல ஜார்க்கண்ட் பசங்க கொஞ்சம் பேர் ஞாயித்துக்கிழமை எங்க கோயிலுக்குப் பூசைக்கு வருவாங்க. எப்பவும் கடைசி வரிசை, தூண் ஓரம். பாட்டு தெரியாது, பிரசங்கம் புரியாது. நன்மை வாங்க மட்டும் முன்னாடி வருவாங்க. போன கிறிஸ்துமஸுக்கு எங்க ஆளுங்க அவங்களுக்கு பிரியாணி பொட்டலமும் ஆளுக்கொரு போர்வையும் கொடுத்தாங்க. நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை.

ஆனா பொட்டலம் கட்டின அண்ணன் ஒருத்தர் லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கார். பத்துக்குப் பத்து ரூம், எட்டுப் பேர், தலைக்கு 1,500 ரூபாய். ரசீது கிடையாது. அட்வான்ஸ் போனா போனதுதான். "ஏண்ணே, இது கொஞ்சம் அதிகமா தெரியலையா?"ன்னு கேட்டேன். "அவனுங்களே ஒத்துக்கிட்டுத்தானே வர்றானுங்க.. தர்மம் வேற, வியாபாரம் வேற தம்பி"ன்னார், சிரிச்சுக்கிட்டே.

கத்தோலிக்க சமூகப் போதனை இந்த ரெண்டையும் பிரிக்க விடறதில்லை. அதான் சிக்கலே :-) 1891-ல் போப் பதிமூணாம் லியோ (நம்ம தாத்தா காலத்து எழுத்துல 'சிங்கராயர்') 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை எழுதினார். கூலி விஷயத்தில் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க என்பதாலேயே அது நியாயம் ஆகிவிடாது; வேற வழியில்லாம ஒத்துக்கிட்டா அது பலவந்தம்தான் என்கிறது அந்த மடல். தொழிலாளி சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் பேசுகிறது. கூலிக்குச் சொன்னது வாடகைக்குப் பொருந்தாதா என்ன? 2025-ல் போப் ஆனவர் பதினாலாம் லியோன்னு பேர் வச்சுக்கிட்டதும் அந்தப் பழைய லியோவை நினைச்சுத்தான்.

1952-ல் பன்னிரண்டாம் பயஸ், ஊர்விட்டு ஊர் வந்தவங்களுக்காகவே 'எக்சுல் ஃபமிலியா' என்ற ஆவணத்தை வெளியிட்டார். எகிப்துக்கு ஓடின திருக்குடும்பம்தான் எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று ஆரம்பிக்கும். வந்தவங்களுக்கு அவங்க மொழியிலேயே குருக்கள் வேணும் என்பதும் அதில் இருக்கு. 2017-ல் போப் பிரான்சிஸ் நாலே வினைச்சொல்லில் சுருக்கினார்: வரவேற்பது, பாதுகாப்பது, முன்னேற்றுவது, ஒருங்கிணைப்பது.

பிரியாணியும் போர்வையும் முதல் வினைச்சொல். மீதி மூணு?

பாதுகாப்புன்னா என்னன்னு இந்த ரோட்டுக்கு நல்லாவே தெரியும். 2021 டிசம்பரில், ஐபோன் ஆலையில் வேலை பார்த்த பொண்ணுங்க பூந்தமல்லி பக்கம் ஹாஸ்டல் சாப்பாட்டில் விஷமாகி நூத்துக்கும் மேல ஆஸ்பத்திரியில் படுத்தாங்க. மத்தவங்க ஹைவேயில் உட்கார்ந்தாங்க. அதுக்கப்புறம்தான் படுக்கை, தண்ணீர், சாப்பாடு பத்தி எல்லாருமே பேச ஆரம்பிச்சாங்க. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. 2023 மார்ச்சில் பீகார்க்காரங்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவினப்போ, எத்தனையோ பேர் பயந்து ரயிலேறினாங்க. பக்கத்து வீட்டுல பேச்சுவார்த்தை இருந்தா ஒரு வீடியோவை நம்பி மூட்டை கட்டுவாங்களா?

இன்னொண்ணு. இந்தப் பசங்களோட ஊர்ல இதுக்கு ஒரு முன்கதை இருக்கு. 1885-ல் சோட்டாநாக்பூருக்கு வந்த பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தை ஜமீன்தார்கிட்ட இழந்துக்கிட்டிருந்த ஆதிவாசி மக்களுக்காக நிலச் சட்டத்தைப் படிச்சு, கோர்ட் வழக்குகளில் துணை நின்னார். ஏழு வருஷம்தான் அங்க இருந்தார். 1893-ல் காசநோயில் செத்தே போயிட்டார். இன்னிக்கு வரை அந்த ஜனங்க அவர் பேரைச் சொல்றது சோறு போட்டதுக்காக இல்லை. பட்டாவைப் புரிஞ்சுக்கிட்டு பக்கத்துல நின்னதுக்காக.

அதனால எங்க அன்பியத்துல நாலு பேர் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். மாசத்துல ரெண்டு ஞாயிறு, பூசை முடிஞ்சு ஒரு மேஜை போடறது. பி.எஃப். நம்பர், சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக் எடுத்துட்டு வந்தா படிச்சுச் சொல்றது. ஊர் ரேஷன் கார்டிலேயே இங்க அரிசி வாங்கலாம் (தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல்) என்பதே பாதிப் பேருக்குத் தெரியலை. இப்போதைக்கு வர்றது பத்துப் பதினஞ்சு பேர்தான். போன மாசம் முதல் வாசகத்தை ஒரு பையன் இந்தியில் வாசிச்சான். கை நடுங்குச்சு, ஆனா முடிச்சுட்டான்.

வாடகை ரசீதுதான் இன்னும் நகரலை. அந்த அண்ணன் மேஜைப் பக்கம் வர்றதில்லை, என்கிட்ட பேசறதும் குறைஞ்சு போச்சு. அவரை எதிரியாக்கிக்கவும் எனக்கு இஷ்டமில்லை. அவரும் லோன் போட்டுத்தான் கட்டியிருக்கார். ஆனா அட்வான்ஸ் காசு அந்தப் பையனுக்கு ரெண்டு மாசச் சம்பள மிச்சமாச்சே!

ஒரு பக்கத்துல முடியுற எளிய வாடகை ஒப்பந்தம், தமிழும் இந்தியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மாதிரி, உங்ககிட்ட யார்கிட்டயாவது இருக்கா? ஒடியாவுல இருந்தா இன்னும் நல்லது. பின்னூட்டத்துல சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.