கடைசியாகப் பதில் சொன்ன இடம்

ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அகலக் கணினி 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இன்று அது கல்லூரி ஆய்வகத்தில் சர்வராக இருக்கிறது, கடையின் பின்னறையில் கேமராப் பதிவைச் சேமிக்கிறது, மொட்டை மாடியில் வெப்பமும் மழையும் அளக்கிறது. இப்படி ஓரிடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும் கணினிக்கு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் இருக்காது. மின்சாரமும் வைஃபையும் போதும். ஹெட்லெஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதன் டெஸ்க்டாப்பை நம் மேசையிலிருந்தே பார்க்க வி.என்.சி., ஆர்.டி.பி. போன்ற வழிகள் உண்டு. அந்தத் திரை வராமல் போகும்போது ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பது என் தொழிலின் ஒரு பகுதி.

வருகிற புகார் எப்போதும் ஒன்றுதான்: "ஸ்கிரீன் வரலை." ஆனால் அந்தத் திரை நம்மை வந்து சேர ஐந்து படிகள் சரியாக இருக்க வேண்டும். மின்சாரம், நெட்வொர்க், போர்ட், லாகின், கடைசியாகத் திரை. இவற்றில் எது உடைந்தாலும் புகார் அதேதான். ஆகவே எது பழுது என்று நான் முதலில் தேடுவதில்லை. எதுவரை பதில் வருகிறது என்று பார்க்கிறேன். கடைசியாகப் பதில் சொன்ன படி தெரிந்துவிட்டால் பழுது அநேகமாக அதற்கு அடுத்த படியில் இருக்கும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். பை 5-க்கு அதே வோல்ட்டில் 5 ஆம்பியர் பரிந்துரைக்கப்படுகிறது. கையில் கிடைத்த போன் சார்ஜரைச் செருகிவிடுவது நம் ஊரில் சாதாரணம். பல வேகச் சார்ஜர்களில் எழுதியிருக்கும் பெரிய வாட் கணக்கு உயர்ந்த வோல்ட்டில்தான் கிடைக்கும். 5 வோல்ட்டில் 2 ஆம்பியரோடு நின்றுவிடும். விளக்கு எரியும், கணினி எழும்பும், டெஸ்க்டாப் திறந்து சுமை ஏறும் நேரத்தில் வைஃபை விழும். மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. வி.சி.ஜென்.கமாண்ட் என்ற ஆணையால் அந்தக் குறிப்பைக் கேட்கலாம். விடை பூஜ்ஜியமானால் நிம்மதி. 50000 என்றால் கணினி எழும்பிய பிறகு எப்போதோ மின்னழுத்தம் குறைந்து வேகமும் மட்டுப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமே அது நடந்துகொண்டிருக்கிறது. "அப்பப்ப கட் ஆகுது" என்ற புகாருக்கு நான் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

கணினி எழும்பவே இல்லையென்றால் பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும். நான்கு முறை சிமிட்டி நிறுத்தி மறுபடி சிமிட்டினால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை; ஏழு முறை என்றால் கெர்னல் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் மெமரி கார்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெட்வொர்க்கைத் தொடவே தேவையில்லை.

அடுத்தது நெட்வொர்க். கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் வேறு ஐ.பி. முகவரி கொடுத்திருக்கலாம், நாம் பழைய முகவரியின் கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். ரவுட்டரின் பட்டியலைத் திறந்து பார்ப்பதும், அந்தக் கணினிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பதும் இதற்குத் தீர்வு. பை ஜீரோ டபிள்யூ, பழைய பை 3 பி ஆகியவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரவுட்டரை மாற்றி 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் திறந்து வைத்தால் அவற்றின் கண்ணில் நெட்வொர்க்கே படாது. விருந்தினர் வைஃபையில் சேர்த்துவிட்டால் இன்னொரு சிக்கல்: இணையம் வரும், ஆனால் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க ரவுட்டர் பெரும்பாலும் அனுமதிக்காது.

மூன்றாவது படியான போர்ட்டில்தான் பலர் மிக முக்கியமான தகவலைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று ஒரு செய்தி வரும். நேரம் கடந்துவிட்டது என்று இன்னொன்று வரும். இரண்டையும் "கனெக்ட் ஆகலை" என்று ஒன்றாக்கிச் சொல்லிவிடுகிறோம். மறுப்பு வந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. அந்த முகவரியில் ஒரு கணினி உயிரோடு இருக்கிறது, நம் கோரிக்கை அதைச் சென்றடைந்திருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு எந்தச் சேவையும் இல்லை என்று அதுவே திருப்பிச் சொல்கிறது. வி.என்.சி.க்கு 5900, ஆர்.டி.பி.க்கு 3389, தொலைவிலிருந்து ஆணைகளைத் தட்டச்சு செய்ய உதவும் எஸ்.எஸ்.எச்.சுக்கு 22. முகவரி சரிதானா என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, அந்தச் சேவையைத் தொடங்கினால் போதும். நேரம் கடந்தால் நிலைமை வேறு. கணினி அணைந்திருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், நடுவில் ஃபயர்வால் கோரிக்கையை விழுங்கியிருக்கலாம். முதல் செய்திக்குக் கணினிக்குள் வேலை. இரண்டாவதற்கு வெளியே வேலை.

லாகினில் வரும் சிக்கல்களுக்குப் பெரும்பாலும் ஒரு தேதி காரணமாக இருக்கும். 2016 நவம்பருக்குப் பிறகு புதிய கார்டில் எஸ்.எஸ்.எச். தானாகத் திறந்திருப்பதில்லை. 2022 ஏப்ரலில் 'பை' என்ற இயல்புநிலைப் பயனர் பெயரும் எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல்லும் நீக்கப்பட்டன. பழைய வழிகாட்டியைப் பார்த்துப் புதிய கார்டை எழுதுகிறவர் சரியான கதவில் தவறான சாவியோடு நிற்கிறார். பாதுகாப்புக்காகச் செய்த நல்ல மாற்றங்கள் இவை. கார்டை எழுதும்போதே இமேஜர் மென்பொருளில் பயனர் பெயர், வைஃபை, எஸ்.எஸ்.எச். மூன்றையும் நிரப்பிவிட்டால் இந்தப் படியில் தொல்லை இராது.

கடைசிப் படி திரை. ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து உதவியாளர் தம்பி ஒருவர் போன் செய்தார். பழைய இயங்குதளம் ஓடும் பை 4 அது.

"கரண்ட் கட்டுல போர்டு போயிடுச்சு சார். கார்டை அழிச்சுட்டு மறுபடி போட்டுரவா?"

"அழிக்காதீங்க. வி.என்.சி. திறந்தா என்ன வருது?"

"கனெக்ட் ஆகுது சார். பாஸ்வேர்டு கேக்குது. அப்புறம் கருப்பு. நடுவுல ஒரு வரி."

அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். டெஸ்க்டாப்பை இப்போது காட்ட முடியவில்லை என்று இருந்தது. பாஸ்வேர்டு கேட்டு உள்ளேயும் விட்டிருக்கிறது என்றால் மின்சாரம், நெட்வொர்க், போர்ட், லாகின் நான்கும் நலம். போர்டு போகவில்லை.

"அதுல மானிட்டர் மாட்டியிருந்ததா, தம்பி?"

"இருந்துச்சு சார். போன வாரம் பக்கத்து லேபுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறமும் நல்லாத்தான் ஓடுச்சு."

காரணம் அங்கேதான் இருந்தது. எச்.டி.எம்.ஐ. இணைப்பில் 19-ஆவது பின், மறுமுனையில் திரை இருக்கிறதா என்று கணினிக்குச் சொல்கிறது. எழும்பும் நேரத்தில் அங்கே திரை இல்லையென்றால் அந்தப் பை படம் வரைவதற்கே இடம் ஒதுக்காது. வி.என்.சி. சர்வரோ ஏற்கெனவே வரையப்பட்ட திரையைத்தான் எடுத்து அனுப்பும். வரையாத திரையை அதனால் அனுப்ப முடியாது. மானிட்டரைக் கழற்றிய அன்று கணினி அணையவில்லை, அதனால் எதுவும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துக் கரண்ட் போய் வந்தபோதுதான் அது முதல்முறையாகத் திரையின்றி எழும்பியது. பழி மின்சாரத்தின் மேல் விழுந்தது.

எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே போய், திரை இருப்பதாகவே வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரியைத் தொடக்க அமைப்புக் கோப்பில் சேர்த்தோம். தெளிவுத்திறனையும் குறித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம். டெஸ்க்டாப் வந்தது. கார்டை அழித்திருந்தால் ஆய்வகத்தின் தரவும் போயிருக்கும். காரணம் அப்படியே இருந்திருக்கும்.

புதிய இயங்குதளங்களில் இந்த வரி வேறு கோப்பில் வேறு வடிவில் எழுதப்பட வேண்டும். எளிய குறுக்கு வழி, எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு டம்மி பிளக்கைச் செருகிவிடுவது. கணினி அதை மானிட்டர் என்றே நம்பும். ஆர்.டி.பி. இணைப்பைத் தரும் எக்ஸ்.ஆர்.டி.பி. சர்வர் தனக்கென்று தனி டெஸ்க்டாப்பை உருவாக்கிக்கொள்வதால் அதற்கு மானிட்டர் தேவையில்லை. அதே பயனர் அந்தக் கணினியில் ஏற்கெனவே தானாக லாகின் ஆகியிருந்தால் மட்டும் அங்கேயும் பெரும்பாலும் கருப்புத் திரை வரும். தானியங்கி லாகினை நிறுத்தினால் சரியாகும்.

இன்னொரு தேதியும் நினைவில் இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் என்ற இயங்குதளப் பதிப்பில், பை 4, பை 5 இரண்டின் டெஸ்க்டாப்பும் திரையை வரையும் வேலண்ட் முறைக்கு மாறியது. அதுவரை கூடவே வந்த ரியல்வி.என்.சி. சர்வர் அதில் இயங்கவில்லை; அதனிடத்தில் வே.வி.என்.சி. வந்தது. பழகிய வியூவர் திடீரென்று இணைய மறுத்தபோது பலரும் தங்கள் வைஃபையைத்தான் சந்தேகித்தார்கள். அப்போது டைகர்வி.என்.சி. வியூவர் கைகொடுத்தது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரியாமல் தீர்வைத் தேடினால், சரியான தீர்வே தவறான இடத்தில் போய் உட்காரும்.

இந்தத் தொழிலில் நான் விடாமல் கடைப்பிடிப்பவை சில. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன்; இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. செய்தியை ஒருவர் தன் வார்த்தையில் சொல்ல விடமாட்டேன். திரையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து கேட்பேன். வெளியூரிலிருந்து இணைய வேண்டும் என்பதற்காக 5900-யோ 3389-யோ ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிட மாட்டேன். பழைய வி.என்.சி. முறையில் எவ்வளவு நீளக் கடவுச்சொல் வைத்தாலும் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கு. வெளியூர் இணைப்புக்கு வயர்கார்டு போன்ற வி.பி.என்.னோ, 2024 மே மாதம் வந்த ராஸ்பெர்ரி பை கனெக்ட்டோ போதும்.

உங்களிடம் இப்படி ஒரு கணினி இருந்தால், மானிட்டரைக் கழற்றிக்கொண்டு போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாக் கேபிளையும் எடுத்துவிட்டு, மின்சாரம் மட்டும் கொடுத்து, ஒருமுறை எழும்ப விடுங்கள். எஸ்.எஸ்.எச். வழியாகவும் டெஸ்க்டாப் வழியாகவும் உள்ளே போய்ப் பாருங்கள். கணினியின் பெயர், முகவரி, பயனர் பெயர், இயங்குதளப் பதிப்பு நான்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். திரையில்லாமல் ஒருமுறை எழும்பிக் காட்டாத கணினியை ஹெட்லெஸ் கணினி என்று நம்பி விட்டுவிட்டு வரக்கூடாது.