டோலி வேண்டாம்!

மலை ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்பது சமவெளியில் வாழ்கிறவர்களின் அபிப்பிராயம். மலைக்காரர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். சற்று நின்றால் அது திரும்பி வந்துவிடும். இறங்கும்போதோ, உடம்பின் பாரம் முழுவதையும் தொடையும் முழங்காலும் ஒவ்வோர் அடியிலும் பிடித்து நிறுத்த வேண்டும். தொடைச் சதை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அதன் பலன் அன்றைக்கே முழுவதும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படியைக் கண்டால் அழுகை வரும், பாருங்கள், அப்போது தெரியும்!

2020 ஜனவரியில் நாங்கள் நான்கு சிநேகிதிகள் கொடைக்கானலிலிருந்து பெரியகுளத்துக்கு அருகே உள்ள கும்பக்கரைக்கு நடந்தே இறங்கினோம். ஒருத்தி பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவள். விடியற்காலையில் கடற்கரையோரம் ஓடுகிறவள். இன்னொருத்தி மருந்துக் கடை வைத்திருக்கிறாள். மூன்றாமவர் 58 வயதில் ஓய்வு பெற்ற டீச்சர். நாலாவது நான். என் தேகப் பயிற்சியெல்லாம் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையேதான்.

"பஸ்தான் ஓடுகிறதே!" என்றார் என் வீட்டுக்காரர்.

பஸ் ஓடாத காலம் ஒன்று இருந்தது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1875-ல் ரயில் வந்தது. ஆனால் அது மலையடிவாரத்தோடு நின்றது. அதற்கு மேல் குதிரை, இல்லாவிட்டால் மனிதர் தோள். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் நாற்காலியில் உட்கார, கூலியாட்கள் அதைச் சுமந்துகொண்டு சுமார் 7000 அடி உயரத்துக்கு ஏறினார்கள். 1914-ல் மலைச் சாலை முடிந்தது. பழைய ஒற்றையடிப் பாதைகளை நகரத்து ஜனங்கள் மறந்துபோனார்கள்.

மறக்க முடியாத ஊர் ஒன்று அந்தச் சரிவில் இருக்கிறது. அதன் பெயர் வெள்ளகவி. கொடைக்கானலுக்கும் மூத்த ஊர். நாங்கள் போனபோது அங்கே சாலை கிடையாது. அரிசி வர வேண்டுமானாலும், காப்பிக்கொட்டை போக வேண்டுமானாலும் குதிரை முதுகு, அல்லது மனிதர் தலை.

நாங்கள் வனத் துறையின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டோம். 2018 மார்ச் 11-ம் தேதி போடிக்கு மேலே குரங்கணிக் காட்டில் தீப் பிடித்ததையும், மலை நடைக்குப் போனவர்களில் 23 பேர் மாண்டதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களில் பெண்களும் பலர். அதன் பிறகு அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் காலை வைக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவன் வெள்ளகவிப் பையன். வயது இருபத்திரண்டு இருக்கும். பேச்சு குறைவு, நடை அதிகம்.

வட்டக்கானலைத் தாண்டி டால்பின் மூக்குப் பாறைக்கு அப்பால் உல்லாசப் பிரயாணிகளின் சந்தடி நின்றுபோயிற்று. பாதையும் அப்படியே நின்றுபோயிற்றோ என்று தோன்றியது! மரவேர்களே படிக்கட்டு. மழை வெள்ளம் அறுத்த பள்ளத்தில் உருளைக் கற்கள். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் வெறும் ஆகாயம். கடற்கரையில் ஓடிப் பழகிய பாங்கிச் சிநேகிதி முதல் அரை மணி நேரம் மான் போலத் துள்ளினாள். அப்புறம் அவளும் எங்களைப் போலவே மரத்துக்கு மரம் கைபிடித்து இறங்கலானாள்.

குளிர் குறைந்து, நிழல் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடிகள் தென்பட்ட இடத்தில் டீச்சர் நின்றார். "முழங்கால் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது" என்றார். முப்பது வருஷம் வகுப்பை அடக்கி ஆண்டவர் அப்படிச் சொன்னால், வலி எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளுங்கள். இருவர் தோள் கொடுத்து ஊருக்குள் அழைத்துப் போனோம்.

வெள்ளகவியில் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரே கோயில், வீட்டுக்கு வீடு நெருங்கிச் சந்நிதிகள். நாங்களும் எல்லையிலேயே பாதரட்சைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். ஒரு வீட்டுத் திண்ணையில் டீச்சரை உட்கார வைத்து யோசித்தோம். மேலே திரும்பினாலும் நடைதான். கீழே போனாலும் நடைதான். மருந்துக் கடைச் சிநேகிதி முழங்காலுக்குக் கட்டுப் போட்டாள். வீக்கம் இல்லை என்று சொன்னாள்.

"டோலி கட்டிரலாம்க்கா. ஆளுங்களைக் கூப்பிடட்டுமா?" என்றான் பையன்.

மூங்கில் கழியில் கம்பளியைத் தூளி மாதிரி கட்டி, ஆளைப் படுக்க வைத்து, மாற்றி மாற்றித் தோளில் சுமப்பதற்குத்தான் டோலி என்று பெயர். டீச்சர் பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரக் கிழவி கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள்.

"டோலியிலே நான் ரெண்டு தரம் போயிருக்கேன், தாயி. ரெண்டு தரமும் பிள்ளைவலி. அப்புறம் என் மவ போனா. மவளைத் தூக்கிட்டுப் போறப்ப ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கலை. பாதி வழியிலே, பாறை ஓரத்திலே, பொம்பளைங்க நாலு பேரு சேலையை மறைப்பாப் பிடிச்சுக்கிட்டோம். பிள்ளை பொறந்திருச்சு."

"ஐயோ! குழந்தை பிழைத்ததா, பாட்டி?" என்றார் டீச்சர்.

"இந்தா நிக்கிறானே!" என்று கிழவி எங்கள் வழிகாட்டியைக் காட்டினாள்.

பையன் வெட்கப்பட்டுக் குதிரையைப் பார்க்கப் போய்விட்டான்.

டீச்சர் காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். "டோலி வேண்டாம், பாட்டி. இறங்குவது எப்படி என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

கிழவி சொல்லிக் கொடுத்தாள். சரிவுக்கு நேராக முகம் காட்டக் கூடாது. உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். சிற்றடியாக வைக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக வைக்காமல் கொஞ்சம் மடக்கியே வைக்க வேண்டும். கம்பு காலுக்கு முன்னால் போக வேண்டும். அவசரம் கூடாது. திண்ணைக்கும் வாசலுக்கும் நாலு தடவை நடத்திப் பார்த்த பிறகே மாணவிக்கு உத்தரவு கொடுத்தாள்!

அதற்குக் கீழே பாதை இன்னும் மோசம். சோலை மறைந்து முள் காடு வந்தது, வெயில் ஏறியது. எதிரே ஐந்தாறு பெண்கள் தலையில் மூட்டையோடு, வெறுங்காலில், பேசிச் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்கள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். எங்களுக்கு உல்லாசம், அவர்களுக்கு அது கடைக்குப் போய் வருகிற தெரு. அந்தப் பாதையை யாரும் பராமரிப்பதில்லை என்று பாங்கிச் சிநேகிதி காலையிலிருந்து குறை சொல்லி வந்தாள். அதன் பிறகு சொல்லவில்லை. அந்தக் கால்கள் ஒரு மழைக்காலம் நடக்காவிட்டால் பாதையைக் காடு விழுங்கிவிடும்.

பொழுது சாயும் நேரத்தில் கும்பக்கரை அருவியின் ஓசை கேட்டது. சுமார் 5000 அடி இறக்கத்தை டீச்சர் தம் காலாலேயே இறங்கி முடித்தார். பையனிடம் கூலியோடு கூட, பாட்டிக்கு என்று தம் கம்பளிச் சால்வையையும் மடித்துக் கொடுத்தார்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப் பாதைகளைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு நடப்பதற்குத் திறந்துவிட்டது. போக விரும்பும் சகோதரிகள் தாராளமாகப் போகலாம். எடுத்துச் சென்ற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஊர்க்காரர்களிடம் கால் கிலோ காப்பிக்கொட்டையாவது வாங்குங்கள். எதிரே சுமையோடு யாராவது ஏறி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், தெரு அவர்களுடையது.

மறுநாள் மாடிப்படியில் கால் எழும்பாவிட்டால், அதற்கும் பக்கவாட்டு நடைதான் மருந்து. டீச்சர் இப்போது அக்கம்பக்கத்துக்கெல்லாம் அதைப் பாடம் நடத்துகிறார்.