காட்சிக்கும் ஓர் அறிவிப்பாளர் வரிசை

ஆனைக்குட்டம் என்னும் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்கும் வெளியூர் அன்பர்கள், அங்கே யானைகள் உண்டோ என வினவுவதுண்டு. குட்டம் என்பது ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் பழஞ்சொல். இன்று அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை இருக்கிறது, யானை இல்லை. அதைக் காண மேற்கே திருவில்லிபுத்தூர் மலைக்குச் செல்ல வேண்டும், அல்லது தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலோர் இரண்டாவதையே செய்கின்றனர்.

அப்பெட்டிக்குள் யானையைக் கொணர்வோரைப் பற்றி நான் எண்ணியதில்லை, என் பழைய மாணவர் ஒருவர் வந்து முறையிடும் வரையில். அவர் மகள் விலங்கியல் பயின்று, அறிவியலைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் துறையில் மேற்பட்டமும் பெற்றவள். வனவிலங்குப் படங்களை நிர்வகிக்கும் வேலைக்குச் செல்ல விரும்புகிறாள். “ஹஜ்ரத், பி.எட். படிக்கச் சொல்லுங்கள். படக்காரர்களோடு நமக்கென்ன வேலை?” என்றார் தந்தை.

அப்பெண்ணை அழைத்து விசாரித்தேன். காட்டில் மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த காட்சிகள் மலைபோல் வந்து குவியுமாம். ஒவ்வொன்றுக்கும் இன்ன உயிர், இன்ன காடு, இன்ன நாள், எடுத்தவர் யார், வனத்துறையின் அனுமதி உண்டா, ஒளிபரப்பும் உரிமை எவரிடம் என்று குறிப்பெழுதிப் பேண வேண்டும். குறிப்பில்லாத காட்சியைத் தேடி எடுப்பது அரிது, எடுத்தாலும் நம்புவதற்கில்லை. ஹதீஸ் கலை பயின்றவனுக்கு இது புதிதன்று. ராவி இன்னாரென்று தெரியாத செய்தியை நம் இமாம்கள் எங்கே வைத்தார்கள் என்பதை நாமறிவோம்.

இதில் பிழைத்தால் விளைவது சிறிதன்று. 1958இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘வைட் வில்டர்னஸ்’ என்னும் படம், லெம்மிங் என்னும் வடபுலத்துச் சிற்றெலிகள் கூட்டமாய்க் கடலில் பாய்ந்து மடிவதாய்க் காட்டிற்று. ஆஸ்கார் பரிசும் பெற்றது. 1982இல் கனடா நாட்டுத் தொலைக்காட்சியொன்று உண்மையை வெளிப்படுத்தியது: எலிகள் விலைக்கு வாங்கி வரப்பட்டவை, இடமோ கடலே இல்லாத ஆல்பர்ட்டா, அவை பாயவில்லை, தள்ளப்பட்டன. லெம்மிங்குகள் தற்கொலை புரிவதாக இன்றும் பலர் நம்புகின்றனர். ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில், அரிஸ்டாட்டில் கூறியதாயினும் சான்று கிட்டாதவிடத்து ஐயுற்றார். அவர் அப்படத்தைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

நம் சென்னையின் சேகர் தத்தாத்ரி, சிறுவயதில் பாம்புப் பண்ணையில் தொண்டராய்ப் பழகி, 1991இல் அமைதிப் பள்ளத்தாக்கைப் படமாக்கியவர். பெரிய தொலைக்காட்சிகளுக்குப் படமெடுத்த பின் அவ்வழியை விடுத்து, நம் மக்களும் அதிகாரிகளும் பார்க்கத்தக்க குறும்படங்களுக்குத் திரும்பினார். கருநாடகத்தின் குதிரைமுகத்தில் இரும்புச் சுரங்கம் காட்டையும் ஆற்றையும் கெடுப்பதை 2001இல் எடுத்துக் காட்டினார். சுரங்க வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2005 இறுதியில் சுரங்கம் நின்றது. இத்தகைய வழக்குகளில் எங்கே, எப்போது எடுத்த காட்சி என்ற வினா எழாமலா இருக்கும்?

திருவில்லிபுத்தூர் மலையின் சாம்பல் நிற அணிலுக்கென 1988இல் சரணாலயமே அமைத்தார்கள். நம் பிள்ளைகளோ ஆப்பிரிக்கச் சிங்கத்தை அறிவர், இவ்வணிலை அறியார். அறிவியலும் தமிழும் ஒருங்கே அறிந்தவர்கள் அவ்வேலைகளில் போதிய அளவில் இல்லாததே காரணம் என்பது என் கருத்து.

இவற்றையெல்லாம் கேட்ட தந்தை, “சம்பளம் எப்படி, ஹஜ்ரத்?” என்றார். நியாயமான கேள்வி. தொடக்கத்தில் குறைவு, அதுவும் ஒப்பந்த வேலை என்பதை மகள் மறைக்கவில்லை. அவர் இன்னும் முழு மனத்துடன் இசையவில்லை. அடுத்த மாதம் மகளுடன் பெங்களூர் சென்று, அந்த அலுவலகத்தைத் தம் கண்ணால் பார்த்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.